செல்லி பின்னிய சடை

மாதேஸ்வரியின் சடை அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தது.

கம்பெனி பஸ் ஓசூர் சிப்காட்டிலிருந்து ஜூஜுவாடிப் பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. கடைசி ஆளாக ஓடிவந்து ஏறியவளுக்கு முன் சீட்டுதான் கிடைத்தது. அதனால் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வினோதாவுக்கு வழியெல்லாம் அந்தச் சடையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பிடரியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு மடிப்பும் ஒரே அகலம், ஒரே இறுக்கம். மனுஷி பின்னினால் அப்படி வராது. பேச்சில் கவனம் போய் ஒரு மடிப்பு தளரும், உடனே சுதாரித்து அடுத்ததை இறுக்கிவிடுவோம். இதில் அப்படி ஒரு இடம்கூட இல்லை. தேங்காய் எண்ணெய் வாசனைக்கு அடியில் லேசாக ரப்பர் வாசனையும் வந்தது.

வினோதாவுக்கு இதெல்லாம் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தலையைத் தினமும் பின்னுகிறவள் அவள்தான். பகலெல்லாம் கொண்டை போட்டுத் துணித் தொப்பிக்குள் அடைத்து வைத்திருக்கும் முடியை, அறைக்கு வந்ததும் பாயில் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி அவிழ்த்து, சிக்கெடுத்து, பின்னிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் டீ, குழம்பு எல்லாம். ஓசூருக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து அது மாறியதில்லை.

"யாருடி பின்னிவுட்டா?" என்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டாள்.

"நானேதான்."

"நீயா? பொடனில கண்ணு மொளச்சிருக்கா உனக்கு?"

மாதேஸ்வரி சிரித்தாள். லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்கிற சாக்கில் முன்னால் போய்விட்டாள். அன்று மாலை பாயில் வினோதா மட்டும் உட்கார்ந்து தன் முடியைத் தானே பின்னிக்கொண்டாள்.

இருவரும் நாகரசம்பட்டிக்காரிகள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஃபேக்டரிக்குப் போய்க் கை மஞ்சளாகும்வரை சேர்ந்து தோல் சீவியவர்கள். டைபாய்டு வந்து வினோதாவின் முடி பிடிப்பிடியாகக் கொட்டியபோது, வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டு அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். அப்போது மாதேஸ்வரி ஒரு காரியம் செய்தாள். சீப்பில் வருகிற தன் முடியை ஒன்றுவிடாமல் சுருட்டிச் சேர்த்துவைத்து, கிருஷ்ணகிரியில் சவுரி கட்டுகிற அம்மாளிடம் கொடுத்து, ஒரு முழத்துக்கு நல்ல சவுரியாகக் கட்டி வாங்கிவந்தாள். கழிந்த முடி அடுத்தவர் கையில் கிடைக்கக் கூடாது, ஏதாவது செய்துவிடுவார்கள் என்று பயந்து சுவரிடுக்கில் ஒளிக்கிற ஊர் அது. அங்கே ஒருத்தி தன் முடியை இன்னொருத்தி தலையில் வைத்துப் பின்னிவிட்டாள் என்றால் அதற்கு மேல் நட்புக்கு என்ன சாட்சி வேண்டும்? வினோதா இன்றைக்கும் அந்தச் சவுரியை வைத்துத்தான் பின்னுகிறாள்.

அதனால் இது பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து அழகுபார்க்க வினோதாவுக்கு வரவில்லை. யாரோ ஒருத்தி மாதேஸ்வரியின் முடியைத் தொட்டிருக்கிறாள். யார் என்று தெரிந்தாக வேண்டும்.

யார் என்று தெரிய அதிக நாள் ஆகவில்லை.

வண்டிகளுக்குள் ஓடுகிற வயர்க் கட்டுகளைச் செய்கிற கம்பெனி அது. நீளமான பலகையில் ஆணி ஆணியாக அடித்திருக்கும். அதில் வயர்களை இழுத்து, சேர்த்து, முறுக்கி, டேப் சுற்ற வேண்டும். பெண்கள்தான் செய்வார்கள். அந்த வருடம் ஹாலின் மூலையில் கண்ணாடி அறை ஒன்று கட்டி, அதற்குள் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முகம் கிடையாது, கால் கிடையாது. ஒரு தூணிலிருந்து இரண்டு வெள்ளைக் கைகள் மட்டும் தொங்கும். நுனியில் சாம்பல் நிற ரப்பர் விரல்கள். இரும்பைத் தூக்கச் சொன்னால் தூக்கிவிடும். வயர் தொளதொளவென்று வளைவதால் அதற்குப் பிடிபடவில்லை. பிரகாஷ் என்கிற எஞ்சினியர் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் லைனிலிருந்து மாதேஸ்வரியைக் கூப்பிட்டான். அதன் மணிக்கட்டில் ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. அதை அமுக்கிக்கொண்டு, கையைப் பிடித்து எப்படி நகர்த்துகிறோமோ அதை அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளும். விட்டதும் தானே செய்யும். சிலேட்டில் கைபிடித்து எழுதவைக்கிற வேலைதான்.

மாதேஸ்வரி அதற்குச் செல்லி என்று பெயர் வைத்தாள். ஊரில் அவள் வளர்த்த ஆட்டின் பெயர். ஹாலே சிரித்தது. வினோதாவும் சேர்ந்து சிரித்தாள், அப்போது.

பிறகுதான் மாதேஸ்வரி ஷிப்ட் முடிந்தும் அந்த அறையிலேயே தங்க ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரத்திலும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். ஒருநாள் அவளைக் கூப்பிடப் போன வினோதா, பாதி திறந்திருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே மாதேஸ்வரி பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாக, விளக்கு அணைத்த பிறகு பாயில் படுத்துக்கொண்டு வினோதாவிடம் மட்டும் பேசுகிற அந்தக் குரலில்.

"பொண்ணு பாக்க வராங்களாம் செல்லி. மாப்ள கிருஷ்ணகிரில கூழ் ஃபேக்டரில இருக்கறாராம். எனக்கு ஒண்ணும் புரியல. வேணான்னு சொன்னா அப்பா மொகத்த பாக்க முடியாது."

இரண்டு கைகளும் வயரை முறுக்கிக்கொண்டிருந்தன. அவள் பேச்சை நிறுத்தியதும் அவையும் நின்றன. அவள் மறுபடி தொடங்கியதும் அவையும் தொடங்கின. மாப்பிள்ளை விஷயம் வினோதாவுக்கு அதுவரை தெரியாது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேவிட்டாள். "அது மெஷினுடி மாதேசு."

"தெரியும்."

"அதுக்குக் காதே கெடையாதாம். பிரகாஷ் சாரே சொன்னாரு."

மாதேஸ்வரி சோற்றைப் பிசைந்துகொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள். "காது இருக்கற நீ என்னிக்குடி நான் பேசறத முழுசா கேட்டிருக்கற? பாதியிலயே உன் கதைய ஆரம்பிச்சுடுவ."

வினோதா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. வயர்ச் சுருள்கள் அடுக்கிய ரேக்குக்குப் பின்னால் நின்றாள். கரண்ட்டை மிச்சம் பிடிக்க ஹால் விளக்குகளை வரிசை வரிசையாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். கண்ணாடி அறையில் மட்டும் வெளிச்சம். மாதேஸ்வரி தொப்பியைக் கழற்றினாள். முடியை அவிழ்த்து உதறினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்தக் கைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடினாள்.

ரப்பர் விரல்கள் இறங்கி வந்தன. மூன்றாகப் பிரித்தன. வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரு கணம் தயங்கி, பிசிறைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கின. அந்தத் தயக்கமும் அந்த ஒதுக்கலும் வினோதாவினுடையவை. அவள் பின்னும்போது செய்வது. மாதேஸ்வரி அதைக்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நுனிக்கு வந்ததும் வலிக்காமல் ஒரு சின்ன இழுப்பு, முடிந்தது என்று சொல்வதற்கு. அதுவும்தான்.

மாதேஸ்வரியின் முகத்தில் இருந்த நிம்மதியை வினோதா எத்தனையோ வருஷங்களாகப் பார்த்ததில்லை.

"சார், அதுக்கு யாரு தொடறாங்கன்னு தெரியுமா?" என்று பிரகாஷிடம் கேட்டுப்பார்த்தாள்.

"எவ்ளோ பலமா தொடறாங்கன்னு தெரியும். யாருன்னு எல்லாம் தெரியாது. மேல ஒரு கேமரா இருக்கு, அது பலகையத்தான் பாக்கும். ஏன், மாதேஸ்வரி அதோட பேசறாங்கன்னா?" அவன் சிரித்தான். "பேசட்டும் விடுங்க. வேலை நல்லா நடக்குதில்ல? சினேகிதம்லாம் நாமளா நெனச்சுக்கறது."

நாமாக நினைத்துக்கொள்வதாம். அப்படியானால் தனக்கும் மாதேஸ்வரிக்கும் இருப்பது? அதையும் இவளாக நினைத்துக்கொண்டதா?

விஜயதசமி வந்தது. ஆயுத பூஜையன்று மெஷின்களையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்து நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை மறுபூஜை. அன்று முழு வேலை கிடையாது. ஒவ்வொருத்தியும் தன் இடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பெயருக்கு ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டு, பொரியை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். அன்றைக்குத் தொடங்கியது நிலைத்து நிற்கும் என்பது எல்லோருக்கும் நம்பிக்கை. கம்பெனியிலும் அப்படித்தான், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். செல்லிக்கும் சந்தனம் வைத்து ரோஜா மாலை போட்டிருந்தார்கள். பிரகாஷ் மெஷின்களுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, "மாதேஸ்வரி, நல்ல நாளு, செல்லிக்குப் புதுசா ஏதாவது சொல்லிக் குடுங்க" என்றான். பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்து செய்கிறேன் என்று அவள் எல்லோருடனும் கேட்டுக்குப் போனாள்.

வினோதா போகவில்லை. வயிற்றுவலி என்றாள்.

ஹாலில் கற்பூரப் புகை மேலே ஏறாமல் தேங்கி நின்றது. வெளியே மேளச் சத்தம். அதற்கு மேலே சாலையில் போகிற லாரிகளின் இரைச்சல். அவள் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். உள்ளே குளிர் அதிகமாக இருந்தது. தொங்கிக்கொண்டிருந்த கைகளிலிருந்து ம்ம்ம் என்று ஒரு சன்னமான சத்தம், யாரோ கதை கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. அவள் நினைத்து வந்தது சின்ன விஷயம்தான். நுனியில் மெல்ல இழுக்கிற இடத்தில், மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். நாளைக்கு வயரெல்லாம் அறுந்து விழும். உதவாத மெஷின் என்று வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாதேஸ்வரி பாய்க்குத் திரும்பி வருவாள்.

ஆனால் பூஜைக்காகப் பலகையை மொட்டையாகத் துடைத்து வைத்திருந்தார்கள். ஒரு துண்டு வயர்கூட இல்லை. மேளம் நிற்கப்போகிறது. அவள் சட்டென்று தன் சடைக்குள் கைவிட்டுச் சவுரியை உருவினாள். கறுப்பு வயரோ கறுப்பு முடியோ, அதற்கு என்ன தெரியப்போகிறது?

சவுரியை ஆணியில் மாட்டினாள். காலையில் தன் இடத்துக்குப் பொட்டு வைத்த குங்குமக் கையாலேயே அந்த மணிக்கட்டைப் பற்றிப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். கை லேசாக இருந்தது, சொன்ன இடத்துக்கு வந்தது. மூன்றாகப் பிரித்தாள், பின்னினாள். நுனியில் ஒரு சுற்று. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தாள். ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. அடுத்த ஆணியில் மாட்டி மறுபடி ஒரு தடவை. மூன்றாம் தடவை இழுக்கப்போனபோது அந்தக் கை தயங்கியது. அவள் இழுத்துப் பார்த்தாள், அது நகரவில்லை. பிறகு, அவள் இழுக்காமலே, அதுவாக இழுத்தது.

வினோதா பொத்தானை விட்டாள். வெள்ளை மணிக்கட்டில் அவளுடைய விரல்கள் அப்படியே குங்குமமாகப் பதிந்திருந்தன. முந்தானையால் தேய்த்தாள். போகவில்லை. வெளியே பூசணிக்காய் உடைகிற சத்தமும் கைதட்டலும் கேட்டன. அவள் சவுரியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

அறைக்குத் திரும்பியபோது வீட்டுக்காரம்மா வெங்கடம்மா, பக்கத்து வீட்டுக் குழந்தையை மடியில் வைத்துத் தாம்பாளத்து அரிசியில் எழுத்துப் போடவைத்துக்கொண்டிருந்தாள். வினோதாவைப் பார்த்ததும், "ரா அம்மா, இப்படி வந்து நீயும் ஒரு எழுத்து சொல்லிக் குடு. இன்னிக்கு மொதல்ல சொல்லிக் குடுக்கறவங்களோட கைராசிதான் அதுக்குக் கடைசி மட்டும் ஒட்டும்" என்றாள்.

வினோதா தலை வலிக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் முழுவதும் அவள் பார்வை கண்ணாடி அறையிலேயே கிடந்தது. இப்போது அறுக்கும், இதோ அறுக்கும் என்று காத்திருந்தாள். செல்லி வயரைப் பிரித்தது, முறுக்கியது, நுனியில் மெல்ல இழுத்தது. ஒன்றுகூட அறுபடவில்லை. சாயங்காலத்துக்குள் வினோதாவுக்கு ஏமாற்றமும் வந்தது, கூடவே ஒரு நிம்மதியும். பாடம் ஏறவில்லை. போகட்டும். அவள் பஸ் ஏறி அறைக்கு வந்து டீ போட்டு வைத்தாள்.

மாதேஸ்வரி தலையைத் துப்பட்டாவால் இறுகச் சுற்றிக்கொண்டு வந்தாள். டீயைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"என்னாடி ஆச்சு?"

"கொழாய்கிட்ட வழுக்கி வுழுந்துட்டன்."

"காட்டு."

"கம்முனு இருடி."

வினோதா வற்புறுத்தவில்லை. மாதேஸ்வரி அசந்து தூங்கிய பிறகு துப்பட்டாவின் ஓரத்தை மெல்ல விலக்கிப் பார்த்தாள். பிடரிக்கு மேலே, கைப்பிடி அளவுக்கு முடியே இல்லை. அந்த இடம் ஈரமாகச் சிவந்திருந்தது.

அப்போதுதான் புரிந்தது. வயரை வைத்து அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. மாதேஸ்வரியின் முடியை வைத்தல்லவா சொல்லிக்கொடுத்தாள்? அது அவளைவிடச் சரியாகப் பாடம் படித்திருக்கிறது. பாடத்தை எங்கே நடத்த வேண்டுமோ அங்கே மட்டும் நடத்தியிருக்கிறது.

காலையில் மாதேஸ்வரிக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு வா என்றால் மாட்டேன் என்றாள். "கேப்பாங்க. சொன்னா கம்பெனிக்குத் தெரிஞ்சுடும். செல்லிய அனுப்பிருவாங்க."

"அது உன் தலைய பிச்சிருக்குது. நீ அதுக்குப் பரிஞ்சிக்கினு பேசற!"

சொல்லி முடித்த பிறகுதான் வினோதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பார்த்ததாக அவள் இதுவரை சொல்லவில்லை. மாதேஸ்வரி அதைக் கவனித்தாளோ என்னவோ, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அப்புடிச் செய்யாதுடி. கத்துக் குடுத்ததத்தான் செய்யும். யாரோ அதோட கையப் புடிச்சு இழுத்திருக்காங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "மணிக்கட்டுல குங்குமம் இருந்துது. அஞ்சு விரலும் தெரியுது. நான் தொடச்சன். போவல."

வினோதா தன் வலக்கையைப் போர்வைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள். பாயில் கிடந்தவள் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் தேவலை.

கேட்டிருந்தால்கூட வினோதா உண்மையைச் சொல்லியிருப்பாள். அழுதிருப்பாள், காலில் விழுந்திருப்பாள். கேட்காமல் விட்டதுதான் உள்ளே புகுந்து அறுத்தது. பிரகாஷிடம் போய் அந்தப் பாடத்தை அழிக்கச் சொல்லலாம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பான். மாதேஸ்வரியின் காதுக்கு அது அவன் வாயால் போகும். வேண்டாம். தான் சொல்லிக்கொடுத்ததைத் தானே மாற்றிவிட வேண்டும். மாதேஸ்வரி எழுந்து வருவதற்குள்.

அன்று மாலை ஷிப்ட் முடிந்து எல்லோரும் போகும்வரை ரேக்குக்குப் பின்னால் நின்றாள். விளக்குகள் வரிசையாக அணைந்தன. வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெளுத்திருந்தது.

கண்ணாடி அறை. குளிர். ம்ம்ம்.

ரோஜா மாலை வாடித் தொங்கியது, அழுகத் தொடங்கிய வாசனை. மணிக்கட்டில் ஐந்து விரல்கள். காய்ந்தும் நிறம் மாறாமல் இருந்தன.

சவுரியை ஆணியில் மாட்டி, கையைப் பிடித்து, மெதுவான இழுப்பைச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் கை கனத்தது. பிடிவாதம் பிடிக்கிற ஆட்டை இழுப்பது போலிருந்தது. "அப்படி இல்ல. மெதுவா. மெதுவா" என்று தன்னையறியாமல் பேசினாள். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். கொஞ்சங் கொஞ்சமாகக் கை இளகியது. அவள் பொத்தானை விட்டதும் அது தானே பின்னியது, நுனியில் பூவைத் தொடுகிற மாதிரி மெல்ல இழுத்துவிட்டு நிறுத்தியது. மறுபடியும் செய்யவைத்தாள். மறுபடியும் மெல்லத்தான் இழுத்தது.

சரியாகிவிட்டது. போய்விடலாம். போயிருக்க வேண்டும்.

ஆனால் மாதேஸ்வரியின் அந்த முகம் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, நிம்மதியாக. அப்படி என்ன இருக்கிறது இதில்? என் கையில் இல்லாதது என்ன இருக்கிறது? அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்ப அவளால் முடியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இனி ஒருநாளும் தூங்க முடியாது. சவுரியைத் தன் முடியோடு சேர்த்துப் பின்னி முடிந்துகொண்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

விரல்கள் இறங்கின. வெதுவெதுப்பாக இருந்தன. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

சடையை அவிழ்த்தன. ஒரு முடிகூட இழுபடவில்லை. மண்டைக்குள் இருந்த இரைச்சலெல்லாம் அடங்கியது. கூழ் ஃபேக்டரியின் மாம்பழ வாசனை எங்கிருந்தோ வந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை, நடுவில் எழுந்துபோகவில்லை, தன் கதையை ஆரம்பிக்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதுதானா? இதைத்தானா நான் உனக்குத் தரவில்லை மாதேசு?

"நான்தான் செஞ்சன்" என்றாள் வாய்விட்டு. "பொறாமையில செஞ்சிட்டன்."

விரல்கள் நின்றன.

பிறகு அவை சவுரியைத் தேடி எடுத்தன. மெதுவாக, இழை இழையாக, அவளுடைய முடியிலிருந்து அதைப் பிரித்தன. அவள் முடி ஒன்றுகூட அதோடு போகவில்லை. அதன் முடி ஒன்றுகூட இவளிடம் மிஞ்சவில்லை. ஒரு கை சவுரியை எடுத்துப்போய்ப் பலகையில் வைத்தது. நீவிவிட்டது. மாதேஸ்வரியின் முடி அங்கே தனியாகக் கிடந்தது.

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எழப்பார்த்தாள். மிச்சமிருந்த மெல்லிய முடி அதன் பிடியில் இருந்தது. மூன்றாகப் பிரித்தது. பின்னியது. இறுக்கமாக. ஒரே அகலம். நுனி வந்தது.

ஒரு சுற்று.

மணிக்கட்டில் ஒரு சுற்று.

நின்றது. இழுக்கவில்லை. காத்திருந்தது.

மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டாது. கையைப் பின்னால் கொண்டுபோனாள். ரப்பர் விரல்கள் கொஞ்சம் இறுகின. கையை எடுத்தாள். விரல்கள் தளர்ந்தன. மூச்சுவிடவும் பயமாக இருந்தது.

கதவு திறந்தது.

மாதேஸ்வரி. தலையில் துப்பட்டா, காய்ச்சலில் சிவந்த கண்கள். பனியில் நடந்து வந்திருக்கிறாள். ஸ்வெட்டரெல்லாம் ஈரம்.

"மாதேசு. பொத்தானை அமுக்குடி. சிவப்புப் பொத்தான்."

மாதேஸ்வரி உள்ளே வந்தாள். பலகையில் கிடந்த சவுரியைப் பார்த்தாள். மணிக்கட்டில் பதிந்திருந்த ஐந்து விரல்களைப் பார்த்தாள். பொத்தான்மேல் கையை வைத்தாள். வைத்த கை அங்கேயே இருந்தது. வினோதாவை அவள் பார்க்கவில்லை. அந்தத் தூணைத்தான் பார்த்தாள். முகம் இல்லாத இடத்தில் ஒரு முகத்தைப் பார்ப்பது போல. பாயில் படுத்துக்கொண்டு பேசுகிற அந்தக் குரலில் கேட்டாள்.

"யாரு செல்லி, உனக்கு அப்புடிச் சொல்லிக் குடுத்தது?"

ம்ம்ம் சத்தம் நின்றது.

சடை அசைந்தது. வலிக்கவில்லை. ஆனால் வினோதாவின் தலை அவள் விருப்பத்தைக் கேட்காமல் மெதுவாகத் திரும்பியது. கழுத்து திரும்பியது. முகவாய் உயர்ந்தது. அவள் முகத்தை நேராக மாதேஸ்வரியின் பக்கம், வெளிச்சத்தின் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியது.

மாதேஸ்வரியின் கை பொத்தானின்மேல். அமுக்கவில்லை.

இன்னொரு வெள்ளைக் கை மேலே எழுந்தது. வினோதாவின் நெற்றிக்கு வந்தது. ஒரு கணம் தயங்கியது. பிறகு, முகம் நன்றாகத் தெரியட்டும் என்று, அவள் கண்ணில் விழுந்திருந்த பிசிறைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டது.